தவறான விடையைத் தெரிந்தவர்

(தென்காசியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பள்ளி ஆசிரியராகவே வாழ்ந்து மறைந்த ஒருவரின் நினைவாக அவர் பிள்ளைகள் வைத்த அறக்கட்டளை இது. கோயில் மண்டபத்தில் ட்யூப் லைட் மாட்டி அதில் பெயர் எழுதியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், ஆண்டுக்கு ஒரு நாளாவது ஆசிரியர் வேலையைப் பற்றி இந்த ஊரில் யாராவது பேசட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் முதல் நன்றி.

எனக்குக் கொடுத்த பொருள், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒரு பாடத்தை எடுக்கும் ஆசிரியர் ஆவதற்கான தகுதி. நம் பேச்சில் சொன்னால், பி.டி. அசிஸ்டென்ட் ஆவது எப்படி. அதற்கு அரசாணைகள் இருக்கின்றன, அறிவிக்கைகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் இந்த அவையில் பாதிப்பேர் என்னைவிட நன்றாக ஒப்பிப்பீர்கள். நான் கேட்க வந்தது வேறு: அந்தத் தகுதி எதை அளக்கிறது, எதை அளக்காமல் விட்டுவிடுகிறது?

கரும்பலகையில் ஒரு கணக்கு

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறான். கணித ஆசிரியராகப் போகிறவர்கள் வேலையில் சேர்ந்த முதல் பருவத்துக்குள் இதைப் பார்த்துவிடுவீர்கள். மேலே இருப்பதை மேலே கூட்டினான், கீழே இருப்பதைக் கீழே கூட்டினான். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 5/6 என்று எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பெரும்பாலும் அதுதான் நடக்கிறது.

அந்தப் பையன் ஏன் அப்படி எழுதினான்? அவனுக்கு இதைக் கற்றுக்கொடுத்ததே நாம்தான். ஒரு சிறுதேர்வில் 2-க்கு 1 வாங்கினான். தாளில் 1/2 என்று போட்டோம். இன்னொன்றில் 3-க்கு 1. 1/3 என்று போட்டோம். இரண்டையும் சேர்த்து 5-க்கு 2 என்று ரேங்க் கார்டில் 2/5 எழுதியதும் நம் கைதான். மதிப்பெண்ணை அப்படிக் கூட்டுவது சரி. பின்னத்தை அப்படிக் கூட்டினால் மட்டும் தப்பு என்கிறோம். இரண்டுக்கும் ஒரே கோட்டைப் போட்டுவிட்டு, வித்தியாசத்தை ஒருநாளும் நாம் சொல்லவில்லை.

இது தெரிந்த ஆசிரியர் பெருக்கல் குறி போடுமுன் ஒரு கேள்வி கேட்பார். "ஏய், அரை டம்ளர் தண்ணி இருக்கு. அதுல இன்னும் கொஞ்சம் ஊத்துனா அரைக்கு மேல வருமா, கீழ போகுமா?" மேலேதான் வரும் என்பான். "2/5 அரையைவிடப் பெருசா சின்னதா?" இப்போது அவன் தன் விடையைத் தானே முறைத்துப் பார்ப்பான். கணக்கு அவனுக்குள் போகிற நேரம் அதுதான்.

இதே கணக்கு ஆசிரியர் தகுதித் தேர்வில் வந்தால் எப்படி வரும்? நான்கு விடைகள் இருக்கும். அதில் ஒன்று 2/5 ஆக இருக்கும், ஏனென்றால் கேள்வி எடுப்பவருக்கும் இந்தப் பிழை தெரியும். தேர்வு எழுதுபவர் அதைத் தொடாமல் விலகிப் போனால் ஒரு மதிப்பெண். ஆசிரியரின் வேலை எந்த விடையில் தொடங்குகிறதோ, அந்த விடையை விட்டு ஒதுங்கத் தெரிந்தவரை நாம் ஆசிரியர் என்று தேர்ந்தெடுக்கிறோம். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதன் விரிவு.

வழி எப்படி வந்தது

இளையவர்களுக்காக, வழி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் ஆசிரியர்களின் பெயருக்குப் பின்னால் பி.ஏ., எல்.டி. என்று இருந்தது. சென்னை சைதாப்பேட்டைக் கல்லூரிதான் அந்தப் பட்டத்தின் தாய்வீடு. 1856-இல் அரசு தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலிருந்து வளர்ந்தது அது. எல்.டி. பிறகு பி.டி. ஆயிற்று, பி.டி. பி.எட். ஆயிற்று. தென்பகுதிப் பிள்ளைகளுக்குப் பாளையங்கோட்டைதான் போக்கிடம். தூய சவேரியார் கல்வியியல் கல்லூரி 1950-இல் அங்கே தொடங்கியது. பெண்களுக்குப் புனித இக்னேஷியஸ்.

பட்டம் வாங்கியதும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைப்பது. பதிவு மூப்பு வரும்வரை காத்திருப்பது. ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) 1987-இல் வந்த பிறகும், ஓர் ஆட்சியில் மூப்பு, அடுத்த ஆட்சியில் தேர்வு என்று வழி மாறிக்கொண்டே இருந்தது. மூப்பு முறையில் ஒரு நியாயம் இருந்தது: வரிசை கண்ணுக்குத் தெரியும். ஒரு பெரிய குறையும் இருந்தது: படித்ததை மறந்த வயதில் வேலை வரும்.

2009-இல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டில், ஒன்று முதல் எட்டு வரை கற்பிப்பவருக்குத் தகுதித் தேர்வு (டெட்) கட்டாயம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலை 12 அன்று நடந்தது. நம் ஊரில் சாரல் பருவம். மாநிலம் முழுவதும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் 2,448 பேர். 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மறுதேர்வு வைத்து நேரத்தை மூன்று மணியாக்கியதும் தேர்ச்சி பல மடங்கு கூடிற்று. மூன்று மாதத்தில் ஆசிரியர்களின் அறிவு கூடவில்லை, நேரம்தான் கூடியது. முதல் தேர்வு வேகத்தைத்தான் அளந்திருக்கிறது.

அடுத்து 2013-இல் ஒரு தேர்வு. அதற்கடுத்த பொதுத் தேர்வு 2017-இல்தான். 2014-இல் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தேர்ச்சி மதிப்பெண் 90-லிருந்து 82 ஆயிற்று. அதே ஆண்டு பிளஸ் டூ, பட்டம், பி.எட். மதிப்பெண்களைக் கூட்டும் வெயிட்டேஜ் முறைக்கு ஓர் அரசாணை. 2018-இல் இன்னோர் அரசாணை, எண் 149: டெட் வெறும் தகுதிதான், வேலைக்குத் தனியாகப் போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது. டெட் சான்றிதழ் ஏழாண்டுதான் செல்லும் என்ற விதி 2021-இல் தளர்ந்து ஆயுள் முழுவதும் செல்லும் என்றானது. அந்தத் தனிப் போட்டித் தேர்வு கடைசியில் நடந்தது 2024 பிப்ரவரி 4 அன்று. முதலில் 2,222 இடங்கள், பின்னர் 3,192.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2013-இல் 25 வயதில் தேர்ச்சி பெற்ற ஒரு பெண், வேலைக்கான தேர்வை எழுதும்போது 36-ஐத் தொட்டிருப்பாள். அதற்குள் கல்யாணம், பிள்ளை, மாமியார் வீடு எல்லாம் வந்திருக்கும். படித்ததில் பாதி பாடநூல் மாற்றத்தில் போயிருக்கும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்களில் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இருபது ஆண்டுகளாக வகுப்பெடுத்தவர்கள் மகளோடு சேர்ந்து அமர்ந்து குழந்தை வளர்ச்சிக் கோட்பாடு படிக்கும் காட்சியை நம் வீடுகளில் பார்க்கிறோம்.

பாட ஆசிரியருக்குப் பாடம் எங்கே?

டெட் இரண்டாம் தாளின் அமைப்பைப் பாருங்கள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30 மதிப்பெண், தமிழ் 30, ஆங்கிலம் 30, மீதி 60. அந்த 60 கணிதமும் அறிவியலுமாகச் சேர்ந்து வரும்; இல்லையென்றால் சமூக அறிவியலாக வரும். விலங்கியல் படித்தவர் கணிதமும் எழுத வேண்டும். தமிழ் இலக்கியம் படித்தவர் பெரும்பாலும் சமூக அறிவியலைத் தேர்ந்தெடுத்து முகலாயர் ஆட்சியை மனப்பாடம் செய்கிறார். தமிழாசிரியராகப் போகிறவரின் தமிழுக்கு அந்தத் தாளில் 30 மதிப்பெண்தான். பாட அறிவை முழுதாகச் சோதிக்கும் இடம் டெட்டுக்குப் பிறகு வரும் டி.ஆர்.பி. தேர்வு. முதுகலை ஆசிரியராகப் பதினொன்று, பன்னிரண்டுக்குப் போகிறவர்களுக்கு டெட் கிடையாது. அவர்கள் எழுதும் 150 மதிப்பெண் தாளில் பாடம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10.

ஆக, ஒரு தாள் பாடத்தைக் கேட்கிறது, ஒரு தாள் கல்வியியலைக் கேட்கிறது. இரண்டும் ஒட்டும் இடத்தை எந்தத் தாளும் கேட்பதில்லை. குழந்தையின் வளர்ச்சிக்கு உளவியலாளர் பியாஜே எத்தனை நிலைகள் சொன்னார் என்று கேட்பார்கள். பின்னத்தில் பையன் எங்கே இடறுவான் என்று கேட்க மாட்டார்கள்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த லீ ஷுல்மன் 1986-இல் இந்த ஒட்டும் இடத்துக்கு ஒரு பெயர் வைத்தார். பாடம் தெரிந்த அறிஞருக்கு இல்லாத, பொதுவான கற்பித்தல் உத்தியும் அல்லாத மூன்றாவது அறிவு ஒன்று ஆசிரியருக்கு உண்டு என்றார் அவர். கற்பிப்பதற்கான பாட அறிவு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். எந்தப் பாடம் எந்த வயதில் எங்கே சிக்கும், எந்த எடுத்துக்காட்டு அதை அவிழ்க்கும் என்ற அறிவு அது.

லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 1999-இல் வெளியிட்ட நூலில் இதைச் சோதித்துக் காட்டினார். அமெரிக்கத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 23 பேர், சீன ஆசிரியர்கள் 72 பேர். ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொன்னார். பிறகு அதற்கு ஒரு கதைக்கணக்குச் சொல்லச் சொன்னார். சீன ஆசிரியர்கள் அனைவரும் சரியாக வகுத்தார்கள். அமெரிக்கர்களில் பாதிப்பேர்கூடத் தேறவில்லை. பொருத்தமான கதை சொன்னவர் அவர்களில் ஒரே ஒருவர். இதில் நமக்கு உறைக்க வேண்டியது வேறொன்று. கையில் பட்டம் இருந்தவர்கள் அமெரிக்கர்கள். சீன ஆசிரியர்களோ ஒன்பதாண்டு பள்ளிப் படிப்பும் இரண்டு மூன்றாண்டு பயிற்சியும் மட்டுமே பெற்றவர்கள். அவர்களுடைய ஆழம் வேலையில் சேர்ந்த பிறகு வந்தது. பாடநூலை வரிவரியாகச் சேர்ந்து படித்தார்கள், சக ஆசிரியரோடு விவாதித்தார்கள், பிள்ளைகளின் விடைகளை ஆராய்ந்தார்கள்.

மழை மறைவுப் பகுதியில் மழை

இது கணக்குக்கு மட்டும் உரியதல்ல. சமூக அறிவியலுக்கு வருவோம். தென்மேற்குப் பருவக்காற்றின்போது தமிழ்நாடு மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது என்பது பாடம். மேற்குத் தொடர்ச்சி மலை காற்றைத் தடுக்கிறது, மழை கேரளத்தில் பெய்துவிடுகிறது, இந்தப் பக்கம் வறண்ட காற்று இறங்குகிறது. டெட்டுக்குப் படிப்பவர்கள் இதை ஒரு வரியாக மனத்தில் வைத்திருப்பார்கள். கேள்வி வந்தால் மதிப்பெண் நிச்சயம்.

இந்தப் பாடத்தைத் தென்காசிப் பள்ளியில் ஜூலை மாதம் எடுத்துப் பாருங்கள். சன்னல் வழியே சாரல் அடித்துக் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் நோட்டை மூடிக்கொண்டு இருப்பார்கள். ஒருத்தி எழுந்து கேட்பாள்: "சார், மழை மறைவுன்னு போட்டிருக்கு. அப்ப வெளிய பெய்றது என்ன சார்?"

தேர்வில் மட்டும் வென்றவர் என்ன சொல்வார்? "பரீட்சைக்குப் புத்தகத்துல உள்ளத எழுது" என்பார். அந்தப் பிள்ளை அன்று ஒன்றைக் கற்றுக்கொள்கிறாள்: பாடம் வேறு, உலகம் வேறு.

பாடத்தை உள்ளே புகுந்து படித்தவர் அவளை வெளியே கூட்டிப்போய் மேற்கே காட்டுவார். மலை வரிசை ஒரே உயரமாக ஓடவில்லை. செங்கோட்டைக்கு அப்பால், ஆரியங்காவுப் பக்கம் அது தாழ்கிறது. 1904-இல் புனலூர் வழியாகக் கொல்லத்துக்கு ரயில் போட்டவர்களும் அந்தத் தாழ்வைத் தேடித்தான் போனார்கள். பருவக்காற்றுக்கும் அதே கணவாய்தான் வழி. அங்கே நுழைந்து வரும் ஈரக்காற்று குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலாகச் சிதறுகிறது. மலைமேல் பெய்யும் மழை சிற்றாற்றில் சேர்ந்து பேரருவியாக விழுகிறது. கிழக்கே போகப் போக ஈரம் போய்விடும், காற்று மட்டும் மிஞ்சும். சுரண்டைப் பக்கம் வரிசையாகக் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். இருபது கிலோமீட்டருக்குள் மழையும் மழை மறைவும் ஒரே காற்றில் கிடைக்கின்றன. உலகில் எத்தனை பள்ளிகளுக்கு இந்தப் பாக்கியம் உண்டு!

அந்தச் சிறுமியின் கேள்வி விதியை உடைக்கவில்லை. விதிக்கு எல்லை எங்கே என்று கேட்டது. பிள்ளைகளின் பிழையும் ஐயமும் பாடத்தின் எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில்தான் எப்போதும் நிற்கும். அந்த இடத்துக்குப் போகத் தெரிந்தவர்தான் பாட ஆசிரியர்.

தேர்வு வேண்டாமா?

இவ்வளவு சொன்ன பிறகு, தேர்வை ஒழித்துவிடலாம் என்று நான் சொல்லப்போவதாக நினைப்பீர்கள். இல்லை.

இந்த ஊரில் இந்தப் பேச்சு வந்தால் உடனே பாரதியை இழுப்பார்கள். கடையத்து மருமகன், 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தற்காலிகத் தமிழாசிரியர். இன்று இருந்தால் டெட் பாஸ் பண்ணியிருப்பாரா என்று கேட்பார்கள். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யையும் சொல்வார்கள்: வழக்கறிஞர் பட்டம் வாங்கியவர், ஆசிரியர் பயிற்சி எதுவும் இல்லாமலே கம்பனை எத்தனை பேருக்கு ஊட்டினார் என்பார்கள். கைதட்டல் கிடைக்கும். ஆனால் மேதைகளைக் காட்டி விதியை வகுக்க முடியாது. ஒரு மாநிலத்துக்குப் பல்லாயிரம் ஆசிரியர்கள் வேண்டும். அவர்கள் எல்லாருக்கும் ஒரே வாசல் வேண்டும்.

தென்காசி மாவட்டத்தில் கடையநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்று எந்தப் பக்கம் போனாலும், முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் தாய்மாரைப் பார்க்கலாம். அந்தப் பணத்தில் படித்த பெண்கள் குற்றாலம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரியில் பட்டம் வாங்குகிறார்கள். திருக்குற்றாலநாதர் கோயில் நிர்வாகத்தில் 1964-இல் தொடங்கிய கல்லூரி அது. அடுத்து பி.எட். படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் கல்வியியல் கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அரசு நடத்துபவை ஏழுதான், தென்கோடி மாவட்டங்களில் ஒன்றும் இல்லை. ஆகவே இந்தப் பெண்களில் பெரும்பாலோர் கட்டணம் கட்டித் தனியார் கல்லூரியில்தான் படிக்கிறார்கள்.

படித்து முடித்த பெண்ணுக்கு, "உனக்கு யாரைத் தெரியும்? எவ்வளவு கொடுப்பாய்?" என்று கேட்காத வாசல் ஒன்று இந்த நாட்டில் இருக்கிறதென்றால், அது டி.ஆர்.பி. தேர்வுதான். ஓ.எம்.ஆர். தாளுக்குச் சாதி தெரியாது, சிபாரிசுக் கடிதம் தெரியாது. அந்த வாசலை மூடச் சொல்ல எனக்கு மனம் வராது. நேர்முகத்துக்கு மதிப்பெண் கொடு, மாதிரி வகுப்புக்கு மதிப்பெண் கொடு என்று சொல்லவும் தயக்கம்தான். ஆள் பார்த்து மதிப்பெண் போடும் இடம் ஒன்று திறந்தால், அதன் வழியே என்னவெல்லாம் நுழையும் என்பது நமக்குத் தெரியாததா?

தேர்வு இருக்கட்டும். கேள்வி மாறட்டும்.

காத்திருக்கும் ஆண்டுகள்

அதற்கு முன், காத்திருக்கும் ஆண்டுகளில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தென்காசி வ.உ.சி. வட்டார நூலகத்துக்கு ஒரு காலை வேளையில் போய்ப் பாருங்கள். சமச்சீர்ப் பாடநூல்களை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அடுக்கி வைத்துக்கொண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நூலின் பின்பக்கம் கந்தலாகியிருக்கும், ஏனென்றால் 'புக் பேக்' கேள்விகள் அங்கேதான் இருக்கின்றன. கட்டம் போட்ட 'பாக்ஸ்' செய்திகள் மஞ்சள் மை பூசிக் கிடக்கும். பாடத்தின் உடல் மட்டும் புதிதாகவே இருக்கும். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. எதற்கு மதிப்பெண் கொடுக்கிறோமோ அதைத்தான் படிப்பார்கள்.

இன்னொரு சாரார் தனியார் பள்ளிகளில் சொற்பச் சம்பளத்துக்கு வகுப்பெடுக்கிறார்கள். சிலர் அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாகச் சேர்கிறார்கள். 2022-இல் அந்தப் பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் என்று தொடங்கினார்கள், பிறகு 15,000 ஆனது. தேர்வு நெருங்கும்போது இவர்கள் செய்வது என்ன? வேலையை விட்டுவிட்டு கோச்சிங் சென்டருக்குப் போகிறார்கள். ஆசிரியர் ஆவதற்காக ஆசிரியர் வேலையை விடுகிறார்கள்! வகுப்பறையில் இருந்தவருக்குத் தேர்வில் ஒரு மதிப்பெண்கூட அதிகம் இல்லை, அறைக்குள் மனப்பாடம் செய்தவருக்குத்தான் லாபம் என்றால், அவர்கள் கணக்கு சரிதான்.

சிங்கப்பூரில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கல்வி அமைச்சு முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. பிறகு சம்பளம் கொடுத்துத் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி அளிக்கிறது. தமிழாசிரியர்களும் அந்த வழியில்தான் வருகிறார்கள். இலங்கையில் தேசிய கல்வியியற் கல்லூரிகளில் இரண்டாண்டு தங்கிப் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டு முழுவதும் பள்ளியில் உள்ளகப் பயிற்சி. இங்கே கைக்காசு போட்டுப் பயிற்சி, பிறகு தேர்வு, பிறகு காத்திருப்பு, வேலை கிடைத்த மறுநாளே வாரம் முழுக்க வகுப்பு. கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆளில்லை.

என்ன செய்யலாம்?

மூன்று யோசனைகள். எதற்கும் புதுச் சட்டம் வேண்டாம்.

ஒன்று, வினாத்தாள். நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையிலேயே கற்பிப்பதற்கான அறிவைக் கேட்க முடியும். மாணவன் எழுதிய விடையை அச்சடியுங்கள். 1/2 + 1/3 = 2/5. இவன் எந்தக் கருத்தில் தடுமாறுகிறான்? அடுத்து எந்தக் கேள்வி கேட்டால் அவனே பிழையை உணர்வான்? நான்கு விடை கொடுங்கள். ஓ.எம்.ஆர். தாளே திருத்தட்டும், யாருடைய தயவும் வேண்டாம். தாளில் மூன்றில் ஒரு பங்கு இப்படி வந்தாலே போதும், நூலகத்தில் இருக்கிற பிள்ளைகள் பாடநூலின் நடுப்பக்கத்தைத் திறப்பார்கள். கோச்சிங் சென்டர்கள் மாணவர் நோட்டுகளைத் தேடி அலையும்.

இரண்டு, முதல் ஆண்டு. மாதிரி வகுப்பைத் தேர்வுக்கு முன்னால் வைத்தால் சிபாரிசு நுழையும் என்றேன். தேர்வான பிறகு வைத்தால் நுழைய இடமில்லை, வேலைதான் கிடைத்துவிட்டதே. புதிய ஆசிரியருக்கு முதல் ஆண்டில் பாடவேளையைக் குறைத்து, அதே பாடத்தின் மூத்த ஆசிரியர் வகுப்பில் வாரம் சில மணி நேரம் உட்காரச் சொல்லலாம். மூத்தவர் இவர் வகுப்பில் வந்து உட்காரட்டும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு முதன்மைக் கல்வி அலுவலகம் நம் ஊரிலேயே இருக்கிறது. பாளையங்கோட்டைக்கு ஓட வேண்டியதில்லை. ஒரு மாவட்டத்தில் செய்து பார்ப்பதற்கு இது கையடக்கமான மாவட்டம்.

மூன்றாவது, பி.எட். மாணவர்களே, உங்கள் கையில் இருப்பது.

2015-இல் பி.எட். இரண்டாண்டு ஆனபோது பள்ளிப் பயிற்சி இருபது வாரம் என்று ஆயிற்று. உங்கள் படிப்பில் மிக விலை உயர்ந்த பகுதி அதுதான். அது எப்படிக் கழிகிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ரெக்கார்டு நோட்டுக்குப் படம் வெட்டி ஒட்டுவது, லெசன் பிளானைச் சீனியரிடம் வாங்கிக் காப்பி அடிப்பது, சார்ட்டுக்கு ஜிகினா போடுவது. கடைசி நாள் அத்தனையையும் மேசைமேல் அடுக்கினால், திறந்து பார்க்காமலே கையெழுத்து விழும்.

அந்த ரெக்கார்டுகளோடு இன்னொரு நோட்டும் போடுங்கள். கல்லூரி கேட்காது, நீங்களாகப் போடுங்கள். பள்ளியில் இருக்கும் ஒவ்வொரு நாளும் மாணவர் எழுதிய ஒரு தவறான விடையை, அவர்கள் எழுதியபடியே, பெயர் போடாமல் குறித்து வையுங்கள். கீழே இரண்டு வரி: இப்படி எழுத எது காரணம்? நான் என்ன கேட்டேன், அதற்குப் பிள்ளை என்ன சொன்னது? அறிவியல் என்றால், கனமான கல் சீக்கிரம் விழும் என்று சொன்ன பையன். தமிழ் என்றால், வல்லினம் மிகும் இடத்தில் எல்லாம் மிகாமல் விட்டவள். அவள் பேசும்போது அந்த ஒற்று எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று காது கொடுத்துக் கேளுங்கள். சமூக அறிவியல் என்றால், மழை மறைவில் மழை கேட்ட சிறுமி.

இருபது வாரம் முடியும்போது உங்களிடம் நூறு பிழைகள் சேர்ந்திருக்கும். எந்த கைடிலும் அது கிடைக்காது, எந்த கோச்சிங் சென்டரிலும் விற்க மாட்டார்கள். பணி கிடைக்கப் பத்தாண்டு ஆனாலும் அந்த நோட்டு காலாவதி ஆகாது. பாடநூல் மாறும், பிள்ளைகளின் தடுமாற்றம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. தனியார் பள்ளியோ, மாலை டியூஷனோ, எங்கே நின்றாலும் எழுதிக்கொண்டே இருங்கள். மூத்த ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டு அலுவலக வேலை பார்க்கப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் பிழையை நான் முப்பது வருடமாகப் பார்க்கிறேன், இப்படித்தான் அவிழ்ப்பேன் என்று சொல்லுங்கள். அரசாணை எதுவும் உங்களை அதற்குக் கட்டாயப்படுத்தாது, தடுக்கவும் தடுக்காது.

இந்த அறக்கட்டளையின் குடும்பத்தாரிடம் ஒன்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவு நாளில் பி.எட். மாணவர்களின் பிழை நோட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். பாடத்துக்கு ஒன்றாக நல்லதைத் தேர்ந்தெடுத்து, எழுதியவரையே இந்த மேடையில் ஏற்றிக் கால் மணி நேரம் பேசச் சொல்லுங்கள். என்னைப் போன்றவர்களின் பேச்சை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். நஷ்டம் ஒன்றும் வராது.